31ஆம் நாளுக்குப் பிறகு: மரணப்படுக்கைப் பக்கம் உளவளத்துணை வேலைக்குப் போகலாமா?

#1 கடலோரப் பாதை

எல்லோருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தை, வயது 27. உளவியல் பட்டம், அதன் பிறகு உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமா. இரண்டு வருடம் ஒரு பாடசாலையில் பிள்ளைகளோடு வேலை செய்தேன். பரீட்சைப் பயம், காதல் குழப்பம், அப்பா குடிக்கிறார், இப்படி.

இப்போது புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மகரகம பக்கம் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழு ஒன்றில் ஒரு இடம் வந்திருக்கிறது. தமிழ் கதைக்கிற ஆள் வேண்டுமாம். புற்றுநோய் முற்றியவர்களோடும், அவர்கள் போன பிறகு குடும்பத்தோடும் வேலை. அடுத்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் அம்மா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: "கலியாணம் பேசுற நேரத்தில செத்த வீட்டு வேலையா?" அம்மம்மா கொஞ்சம் இரக்கப்பட்டு, ஒவ்வொரு நாளும் தலையில் தண்ணி வார்த்துவிட்டு உள்ளே வருவதென்றால் போகலாம் என்றார்.

என் பயம் வேறு. பாடசாலைப் பிள்ளைக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் இவ்வளவு நாளும் கதைத்தேன். சாகப்போகிறவரிடம் போய் எதை வைத்துக் கதைப்பது? துக்கத்தின் ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) படித்திருக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 நேர்ப்பேச்சு

மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் சனத்துக்கு இது தேவையா? செத்த வீட்டில் கட்டிப் பிடித்து அழ ஆள் இருக்கிறது. எட்டாம் நாளில் எட்டு, 31இல் அந்தியேட்டி, பிறகு மாதா மாதம் மாசியம், வருட முடிவில் ஆட்டைத் திவசம் என்று எல்லாவற்றையும் முன்னோர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சோறு வரும். வெள்ளைக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வருவதில்லை, அதனால் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறான். அதை இங்கே கொண்டுவந்து ஒரு தொழிலாக்கிச் சான்றிதழும் கொடுக்கிறார்கள்.

#3 இரவுப்பணி

நான் தாதி. பத்து வருடத்துக்கு மேல் புற்றுநோய் வார்ட்.

நேர்ப்பேச்சு, நீங்கள் சொன்னதெல்லாம் செத்த பிறகு நடப்பது. அதற்கு முன்னால் இருக்கிற ஆறு மாதத்துக்கு எந்தச் சடங்கு இருக்கிறது? பகலில் சொந்தக்காரர் வருவார்கள், தோடம்பழம் வரும், "ஒண்டுமில்லை, சுகமாகும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரவு இரண்டு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். "மிஸ்ஸி, நான் வீட்ட போவனா?" அந்த நேரத்தில் எனக்கு இன்னும் இருபது பேருக்கு மருந்து கொடுக்க இருக்கும். ஒருவரோடு உட்கார்ந்தால் இன்னொருவரின் சேலைன் தீர்ந்துபோகும்.

பருத்தித்துறையில் இருந்தும் பதுளையில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். "மகரகமவுக்கு அனுப்பியிருக்கினம்" என்றாலே ஊரில் விளங்கிவிடும், நோயின் பெயர் சொல்லத் தேவையில்லை. இப்போது தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதால் வடக்கில் இருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் இங்கே வருகிற தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்கு வைத்தியர் என்ன சொன்னார் என்று விளங்குவதில்லை. தங்கச்சி, தமிழ் கதைக்கிற ஆள் வேண்டும் என்று கேட்டதன் அர்த்தம் இதுதான். வாருங்கள்.

#4 பழைய குடை

இந்த வேலையில் எனக்குப் பதினேழு வருடம். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரப் பாதை, "எதை வைத்துக் கதைப்பது" என்று கேட்டீர்கள். முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். வலியில் துடிக்கிறவரிடம் மனதைப் பற்றிக் கேட்பது அநியாயம். லண்டனில் 1967இல் முதல் நவீன ஹொஸ்பிஸை (சாகும் தறுவாயில் இருக்கிறவர்களைப் பராமரிக்கிற இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் தாதியாகவும், மருத்துவமனைச் சமூக சேவையாளராகவும், பிறகு வைத்தியராகவும் இருந்தவர். உடம்பு, மனம், குடும்பமும் காசும், கடவுள் பற்றிய கேள்வி எல்லாம் சேர்ந்த முழு வலி என்று அவர் ஒன்றைச் சொன்னார். மோர்ஃபின் கொடுத்தும் வலி குறையவில்லை என்று எங்களைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ஈட்டுக் கடையில் இருக்கிற மகளின் நகை வலிக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. மனச்சோர்வு என்று அனுப்பிய ஒருவருக்கு உண்மையில் ஐந்து நாளாக மலம் போகவில்லை. அதைச் சரிசெய்த பிறகு மனிதர் அரசியல் கதைத்தார்.

இனி ஒரு கதை. ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர். பெரிய வைத்தியர் வந்து சிங்களத்தில் சொல்கிறார்: இனி கீமோ கொடுப்பதில் பயனில்லை, வேதனை இல்லாமல் வைத்திருப்போம். பக்கத்தில் நின்ற மகன் அப்பாவிடம் திரும்பித் தமிழில், "மருந்தை மாத்தப் போறாங்களாம் அப்பா, பெலன் வந்த பிறகு திருப்பித் தொடங்குவாங்களாம்" என்கிறார். அப்பா தலையாட்டுகிறார். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மகன் வாசல் வரை வந்து என் கையைப் பிடித்தார். "மிஸ், அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் இண்டைக்கே உடைஞ்சிடுவார்." சொல்ல மாட்டேன், ஆனால் அவராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன் என்றேன். இந்த வசனத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு மூன்று முறை தேவைப்படும்.

அடுத்த நாள் தனியாகப் போய் உட்கார்ந்தேன். "உங்கட வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லியிருக்கினம் ஐயா?" அவர் சிரித்தார். "பிள்ளை, நான் மருதானையில முப்பது வருசம் சிங்கள ஆக்களோட வேலை செய்தனான். வைத்தியர் சொன்னது எனக்கு எல்லாம் விளங்கினது. தம்பி பாவம், நல்லா மொழிபெயர்க்கிறான்."

அப்பா மகனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், மகன் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். மகனிடம் என்ன சொல்ல விருப்பம் என்று கேட்டேன். பெரிய தத்துவம் ஏதாவது வரும் என்று நினைத்திருந்தேன். "வீட்டு உறுதி எந்த இறாக்கையில இருக்குதெண்டு அவனுக்குத் தெரியாது." அதைச் சொல்ல மகனைக் கூப்பிட்டோம். உறுதிப் பத்திரத்தில் தொடங்கிய பேச்சு ஒன்றரை மணித்தியாலம் போனது. நான் வெளியே வாங்கில் இருந்தேன். அன்றைக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான்.

#5 நேர்ப்பேச்சு

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஐயாவுக்குச் சிங்களம் தெரிந்ததால் தப்பினீர்கள். தெரியாத ஒருவரிடம் போய் "நீங்கள் சாகப்போறீங்கள்" என்று சொல்வீர்களா? எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வைத்தியர் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு கிழமையில் முடிந்தார்.

#6 பழைய குடை

உங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது பிழைதான். நின்ற நிலையில், ஆட்களுக்கு முன்னால், அவர் கேட்காமலே சொல்லியிருப்பார்கள். உண்மையைச் சொல்வதென்றால் கல்லால் எறிவதில்லை. முதல் கேள்வி: உங்களுக்கு என்ன தெரியும்? இரண்டாவது: எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்? "எனக்கு வேண்டாம், மகளிடம் சொல்லுங்கோ" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அவருடைய முடிவு, மதிக்க வேண்டும். கேட்கிறவருக்குப் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் நின்று, முகத்தைப் பார்த்து. நோயைப் பற்றிச் சொல்வது வைத்தியரின் பொறுப்பு. சொன்ன பிறகு பக்கத்தில் இருக்கிற பொறுப்பு எங்களுடையது.

#7 கொட்டாஞ்சேனைப் பொடியன்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா போய் மூன்று வருடம். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். கடைசி நாட்களில் ஒரு உளவளத்துணையாளரை அனுப்பினார்கள். கையில் ஒரு படிவம். நான் பில்லைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அமைதியாக, "நீங்கள் இப்போது கோப நிலையில் இருக்கிறீர்கள், அடுத்தது பேரம் பேசும் நிலை" என்றார். பேரம்தான் பேசிக்கொண்டிருந்தேன், காசாளரோடு. அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

இன்னொன்று. தங்கச்சியின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் வீட்டில் சேர்ச் வழக்கப்படி "அம்மாச்சி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்" என்று சொன்னோம். பிள்ளை ஒரு மாதம் இரவில் தூங்கவில்லை. ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நித்திரை கொண்டால் தன்னையும் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறான். அதைக் கண்டுபிடித்தது உளவளத்துணையாளர் இல்லை, அவனுடைய பாலர் பாடசாலை டீச்சர்.

#8 பனிக்காற்று

லண்டனில் ஒரு ஹொஸ்பிஸில் உளவியல் சிகிச்சையாளராக இருக்கிறேன். பிறந்தது பம்பலப்பிட்டி.

கொட்டாஞ்சேனைத் தம்பி, அந்த ஆளின் சார்பில் நான் வெட்கப்படுகிறேன். ஐந்து நிலைகளைச் சொன்ன எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு கதைத்ததை வைத்துத்தான், இழந்து நிற்கிறவர்களை வைத்து அல்ல. அதுவும் பஸ் தரிப்பிடம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருகிற வரிசை இல்லை. கடலோரப் பாதை, அதை மறந்தாலும் நட்டமில்லை.

எனக்கு வேலையில் உதவுவது நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் சொன்னது. துக்கத்தில் இருக்கிறவர் ஊஞ்சல் மாதிரி. ஒரு பக்கம் போனவரை நினைத்து அழுவது, மறுபக்கம் கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது. இரண்டு பக்கமும் போய்வந்தால் சரி. ஒரே பக்கத்தில் சிக்கிக்கொண்டவருக்குத்தான் உதவி தேவை. "அழவே இல்லை, கல் நெஞ்சம்" என்று ஊர் சொல்கிற பெண் மறுபக்கத்தில் நிற்கிறாளாக இருக்கும், அவ்வளவுதான்.

நேர்ப்பேச்சு அண்ணாவுக்கும் ஒரு விஷயம். எல்லாருக்கும் சிகிச்சையாளர் தேவை என்று இங்கேயும் யாரும் சொல்வதில்லை. 2004இல் வந்த இங்கிலாந்தின் வழிகாட்டல் உளவியல் ஆதரவை நான்கு படியாகப் பிரித்தது. முதல் படி வார்டில் இருக்கிற எல்லா ஊழியரும். கடைசிப் படிதான் மனநல நிபுணர். தேநீர் கொண்டுவருகிறவர் ஒழுங்காக முகம் கொடுத்தால் என்னிடம் வருகிற கூட்டம் குறையும்.

அப்புறம், நீண்டகாலத் துக்கக் கோளாறு என்று இப்போது ஒரு நோய்ப் பெயரும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆகக் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல வைத்தியர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. அவரவர் பண்பாட்டில் வழமையானதை மிஞ்சியிருக்க வேண்டும் என்று இரண்டும் சொல்கின்றன. ஆட்டைத் திவசம் முடியாத வீட்டுக்குப் போய் இந்த முத்திரையைக் குத்தாதீர்கள்.

#9 மருதானை வாசி

அஸ்ஸலாமு அலைக்கும். வழமையைப் பற்றிக் கதைப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வழமையே பறிபோனால்?

2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் மௌத்தான எங்கள் ஆட்களைக் கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் நடந்தது. பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம், மையித்தைச் சுற்றுகிற கபன் துணியின் நினைவாக. 2021 மார்ச்சில் இருந்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். கொழும்பில் இருந்து ஒரு நாள் பயணம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

என் சாச்சியின் (சின்னம்மாவின்) கணவர் அப்படிப் போனவர். குளிப்பாட்டவில்லை, முகம் பார்க்கவில்லை, ஜனாஸாத் தொழுகைக்கு ஆள் இல்லை. சாச்சி இத்தா இருந்தார், கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கிற நான்கு மாதமும் பத்து நாளும். இத்தா முடிந்தது, அவருக்கு ஒன்றும் முடியவில்லை. "அவருக்குச் சுட்டிருக்குமா?" என்று இன்றைக்கும் கேட்கிறார். ஒரு உளவளத்துணைப் பிள்ளை வீட்டுக்கு வந்தாள், தமிழ்ப் பிள்ளை, நெற்றியில் பொட்டு. முதல் மூன்று நாளும் ஒன்றும் சொல்லவில்லை, சாச்சியோடு இடியப்பம் பிழிந்தாள். நான்காம் நாள் சாச்சி தானாகக் கதைத்தார். இரண்டு மாதம் கழித்து மௌலவியையும் கூட்டிவந்து, சாச்சி கேட்ட கேள்வியை அவரிடமே கேட்க வைத்தாள். அந்தப் பிள்ளை தனக்குத் தெரியாததைத் தெரிந்த ஆளிடம் கொண்டுபோனது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

#10 நேர்ப்பேச்சு

அது நடந்திருக்கக் கூடாத அநியாயம். அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இதுவும் என் பக்கம்தான் பேசுகிறது. சடங்கை ஒழுங்காகச் செய்ய விட்டிருந்தால் உளவளத்துணை தேவைப்பட்டிருக்காது.

#11 பழைய குடை

பாதி சரி. சடங்குக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். பொற்சுண்ணம் பாடும்போது உரல் இடிக்கிற சத்தம், பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம். இது எல்லாம் போய்விட்டார் என்பதை உடம்புக்கு விளங்கப்படுத்துகிற வேலை. ஒரு காலத்தில் மேற்கில் போனவரை விட்டுவிலகுவதுதான் குணம் என்று நினைத்தார்கள். 1996 அளவில் இருந்துதான் அங்குள்ள ஆய்வாளர்கள் இல்லை, உறவு தொடர்கிறது, அதுவும் ஆரோக்கியமே என்று எழுதத் தொடங்கினார்கள். நாங்கள் படத்துக்கு விளக்கு வைத்து, அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைத்து அதை எப்போதோ செய்துவிட்டோம்.

ஆனால் நீங்கள் சொல்கிற ஊர் கொழும்பில் எங்கே இருக்கிறது? வெள்ளவத்தை மாடி வீட்டில் லிஃப்டுக்குள் பெட்டி ஏறாது. பொரளையில் மலர்ச்சாலையில் வைக்கிறோம். ரொரன்ரோ மகனுக்கு டிக்கட் கிடைக்கும் வரை மருந்தேற்றிய உடம்பு காத்திருக்கிறது. மகளுக்கு விசா சிக்கல், அவள் போனில் பார்க்கிறாள். எட்டை மூன்றாம் நாளுக்கு இழுத்துச் செய்கிறார்கள், லீவு இல்லை என்று. 31க்கு மண்டபம், சாப்பாடு, போனவரின் வாழ்க்கையைச் சொல்கிற கல்வெட்டுப் புத்தகம். 32ஆம் நாள் காலை அந்த அம்மா எழும்பிப் பார்க்கிறார், வீட்டில் ஒருவரும் இல்லை. தேத்தண்ணி இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு நிற்கிறார். என் தொலைபேசி அடிப்பது பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில்.

கல்வெட்டு என்றதும் நினைவு வருகிறது. கனடாவில் ஹார்வி சொச்சினோவ் என்கிற மனநல வைத்தியர் கண்ணியச் சிகிச்சை என்று ஒன்றை உருவாக்கினார். நோயாளியிடம் அவருடைய வாழ்க்கையைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, எழுதித் திருத்தி, அவருக்கே வாசித்துக் காட்டி, கையில் கொடுத்துவிடுவார்கள். யாருக்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பம். அதைப் படித்தபோது, இது உயிரோடு இருக்கும்போது எழுதுகிற கல்வெட்டு என்று நினைத்தேன். எங்கள் கல்வெட்டை எல்லோரும் வாசிப்பார்கள், உரியவர்தான் வாசிப்பதில்லை. பிறந்தது, படித்தது, கைப்பிடித்தது, பெற்றது, சிவபதம் அடைந்தது. ஒரு மீன் வியாபாரி அம்மாவிடம் இதைச் செய்தபோது, எந்த மீனை எந்த மாதம் வாங்கக் கூடாது என்று இரண்டு பக்கம் சொன்னார். மருமகளுக்காகவாம். அதுவரை மருமகளோடு அவர் கதைப்பதே இல்லை.

#12 லயத்துப் பிள்ளை

மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். கொழும்பு ஆட்கள் மாடி வீட்டைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

அம்மாவை மகரகமவில் காட்டினோம். வாயில் புற்று, வெற்றிலையும் புகையிலையும். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஏழு மணித்தியாலம், கூடப் போகிற ஆளுக்கு நாட்சம்பளம் போச்சு. முகத்தில் ஒரு பக்கம் புண் திறந்து மணம் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போய் நின்றார். அம்மா அதன் பிறகு முந்தானையை முகத்தில் இருந்து எடுக்கவே இல்லை, வீட்டிலும்கூட. மனச்சோர்வு என்று எழுதியிருந்தார்கள். புண்ணுக்கு மணம் குறைக்கிற மருந்து வைத்துக் கட்ட ஒரு மிஸ்ஸி காட்டிக்கொடுத்தார். முந்தானை இறங்கியது. இது உளவியலா மருத்துவமா என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் அம்மா தோட்டத்து லயத்து வீட்டுக்கே போக வேண்டும் என்றார். கூட்டிப் போனோம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒருவரும் இல்லை. கேரளாவில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய இயக்கம் ஊருக்கு ஊர் தொண்டர்களைப் பழக்கி வீட்டுக்கே அனுப்புகிறது என்று பிறகுதான் அறிந்தேன். கடல் தாண்டினால் பக்கம்தானே.

#13 கடலோரப் பாதை

எல்லோருக்கும் நன்றி, இரண்டு தடவை வாசித்தேன். அம்மாவுக்கும் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன் (மீன் பகுதி அவருக்குப் பிடித்தது). இன்னும் சில கேள்விகள். கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது? மோர்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று வீட்டில் சொல்கிறார்களே? பிறகு, எப்படி வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறீர்கள்?

#14 இரவுப்பணி

மோர்ஃபினுக்கு முதலில். வலிக்கு ஏற்ற அளவில், சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது ஆளைக் கொல்வதில்லை. வாயால் குடிக்கிற மருந்தை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு ஓடித் திரிவதில்லை. முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதற்கு மருந்து சேர்த்தே கொடுப்போம். சாகிற நேரத்தில்தான் பெரும்பாலும் இதைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள், அதனால் சனம் மருந்தின் மேல் பழியைப் போடுகிறது.

கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காது. "பட்டினி போட்டுச் சாக விடுறதோ?" என்று மகள்மார் அழுவார்கள். உடம்பு மூடிக்கொண்டு போகிறது, பசியும் அதோடு போய்விடுகிறது என்று விளங்கப்படுத்த வேண்டும், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. தொண்டையில் கரகர என்று சத்தம் வரும். பார்க்கிறவருக்குத்தான் அது பெரிய வேதனை. பால் வார்க்க எல்லோரும் நிற்பார்கள். கரண்டியால் ஊற்றினால் புரைக்கேறும். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டுவிடச் சொல்வேன், ஒவ்வொருவராக. அதுவும் பால் வார்த்ததுதான். கடைசி வரை காது கேட்கலாம், அதனால் காணிச் சண்டையை வெளியே போய் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து எப்படிச் சாப்பிடுவது? அம்மம்மா சொன்னதைச் செய்யுங்கள். நான் துடக்குப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் வார்டில் இருந்து வெளியேற முன் முழங்கை வரை கழுவி, முகம் கழுவி, சேலையை மாற்றினால்தான் என் பிள்ளைகளின் முகம் தெரியும்.

#15 பனிக்காற்று

இரவுப்பணி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கையெழுத்துப் போட முதல் மேற்பார்வை யார் தருவார்கள் என்று கேளுங்கள். மாதம் ஒரு முறையாவது அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து உங்கள் நோயாளிகளைப் பற்றிக் கதைக்க நேரம் ஒதுக்கித் தர வேண்டும். இல்லை என்றால் போகாதீர்கள். நான் முதல் இரண்டு வருடம் அது இல்லாமல் வேலை செய்தேன். ஒரு நாள் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு கிழவர் தக்காளி தெரிவுசெய்வதைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். உங்கள் வீட்டிலேயே அண்மையில் யாராவது இறந்திருந்தால் அதையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

#16 பழைய குடை

ஆமாம், மேற்பார்வை முக்கியம். சம்பளத்தையும் கேளுங்கள். தொண்டு நிறுவனப் பணத்தில் ஓடுகிற இடங்களில் ஒரு வருட ஒப்பந்தம், பிறகு இன்னொரு வருடம் என்று இழுப்பார்கள். இரக்கம் உள்ள வேலை என்பதால் காசு கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. மரணமே உறுதியாகாத வீடுகளும் உங்களிடம் வரும். வடக்கில் இருந்து மகளோடு வந்து கொழும்பில் தங்கியிருக்கிற ஒரு அம்மா, புற்றுநோயாளி. மகன் காணாமல் போனவர். தான் செத்தால் அவனைத் தேட ஆள் இல்லை என்பதுதான் அவருடைய வலி. இதைப் பற்றி எழுதிய போலின் பொஸ், முடிவு தெரியாத இழப்பு என்கிறார். அங்கே போய் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அது துரோகம். தேடுகிற கோப்பை யார் பொறுப்பெடுப்பது என்று மகளோடு கதைத்தோம். பிரதிகள் எடுத்தோம். அவ்வளவுதான் முடிந்தது.

#17 கடலோரப் பாதை

பத்து நாளுக்குப் பிறகு வருகிறேன். பார்வையாளராக இரண்டு நாள் போய்வந்தேன், 138 பஸ்ஸில் நின்றுகொண்டே.

முதல் நாள் சொதப்பினேன். பதற்றத்தில் புத்தகத் தமிழ் வந்துவிட்டது. ஒரு அம்மாவிடம் மிகவும் மென்மையாக, "உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டேன். எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய் என்பதை மறந்துவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வருத்தம் இல்லாட்டி இஞ்ச ஏன் பிள்ளை வந்து படுக்கிறன்?" பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவரே கதையைத் தொடங்கினார், நாற்பது நிமிடம். கோழி வளர்ப்பு. சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழும்பும்போது மட்டும், "கோழியளைத் தங்கச்சி பார்ப்பாள்தானே" என்றார். நான் பதில் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியா பிழையா தெரியாது.

இரண்டாம் நாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள். வீட்டுக்குத்தான் போயிருக்கிறார் என்று மிஸ்ஸி சொல்லும் வரை எனக்கு மூச்சு வரவில்லை.

மேற்பார்வை இருக்கிறதாம், எழுத்தில் வாங்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா இன்னும் கதைக்கவில்லை. அம்மம்மா வாளியில் வெந்நீர் வைத்திருந்தார்.

#18 பழைய குடை

கோழிக்குப் பதில் சொல்லாமல் விட்டது சரி. அடுத்த முறை, "தங்கச்சிக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

#19 நேர்ப்பேச்சு

நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

அண்ணன் போய் 14 மாதம். மாரடைப்பு, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. திவசம் எல்லாம் குறையில்லாமல் செய்தோம், நானே நின்று செய்தேன். அண்ணி இன்னும் இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணனுக்கும் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) வைக்கிறார். இது அந்த நீண்டகாலக் கோளாறா? 1926 மனநல இலக்கத்துக்கு எடுக்கவா, அல்லது உங்களைப் போல ஒருவரிடம் கூட்டிப் போகவா?

#20 பழைய குடை

கோப்பை வைப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனையோ வீட்டில் வைக்கிறார்கள். தன்னுடைய கோப்பையில் அண்ணி சாப்பிடுகிறாரா?

#21 நேர்ப்பேச்சு

தெரியாது. நாங்கள் போனால் எங்களுக்குப் பரிமாறிவிட்டு அவர் குசினிக்குள் போய்விடுவார்.

நாளைக்கு இரவு போய் இருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.